ஒரு கன்னம் மட்டும் வழித்த ராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பேரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் யாராவது சண்டைக்கு வருவார்கள். எனக்கு இந்த வயதில் சண்டை ஆகாது. அந்த நாட்டை ஆண்டவர் கனகவர்மர். நல்ல மனுஷர்தான். நீதி சொல்வார், தானம் செய்வார், யாராவது சிரிக்க வைத்தால் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒரே ஒரு குறை, தலையில் முடி கிடையாது.

அது ஒரு குறையா என்று நீங்கள் கேட்கலாம். வழுக்கை விழுந்தவரிடம் போய்க் கேளுங்கள், சொல்வார். கனகவர்மருக்குக் கிரீடத்தைக் கழற்றும்போதெல்லாம் துக்கம் பொங்கும். இதை மோப்பம் பிடித்து ஒருவன் வந்தான். காவி வேட்டி, கழுத்து நிறைய உருத்திராட்சம், கையில் ஒரு குடுவை. "இமயமலைச் சாரலில் கற்ற வித்தை மகாராஜா! இந்தத் தைலத்தைத் தேய்த்தால் கருகருவென்று முளைக்கும்" என்றான். ராஜாவும் ஆசை ஆசையாகத் தேய்த்துக்கொண்டார். முடி முளைக்கவில்லை. தலை முழுக்கப் பச்சை ஏறிவிட்டது. நல்ல வாழையிலைப் பச்சை! எத்தனை சீயக்காய் போட்டாலும் போகவில்லை. தைலக்காரன் எந்தத் திசையில் ஓடினான் என்பதும் யாருக்கும் தெரியவில்லை.

ராஜாவுக்குக் கோபம் வந்தது. வராதா பின்னே? "இனி இந்த நாட்டில் ஒரு போலி வைத்தியன்கூட இருக்கக் கூடாது. நோயாளியைத் தொடுகிறவர் உண்மையிலேயே படித்தவர்தானா என்று பார்த்துத்தான் விட வேண்டும். அதற்கொரு சட்டம் எழுதுங்கள்" என்றார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வேலையை யாரிடம் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அரண்மனையில் முத்திரை நாயகம் என்று ஒரு பதவி. ராஜமுத்திரையை இடுப்பில் முடிந்துவைத்திருப்பவர் அவர். அவர் பேர் அகோரமூர்த்தி. நாட்டில் எந்தக் காரியம் நடக்க வேண்டுமானாலும் அந்த முத்திரை விழ வேண்டும். விழுவதற்கு முன்னால் நீங்கள் அவர் வீட்டு வாசலில் நாலு தடவை விழ வேண்டும். அப்படிப்பட்ட மகானுபாவர் கையில் சட்டம் எழுதும் எழுத்தாணி கிடைத்தால் என்ன ஆகும்? எழுதினார்:

"மனித உடம்பில் கத்தியோ மருந்தோ வைக்கும் எவராயினும், எந்த வாசலைத் தாண்டினாலும், தாண்டிய இடத்தில் முதலிலிருந்து தம்மை நிரூபிக்க வேண்டும். குருவை நேரில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். மூலிகைகளை அடையாளம் காட்ட வேண்டும். கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். ஓரிடத்தில் நிரூபித்தது மற்றோரிடத்தில் செல்லாது."

ராஜா தலையின் பச்சையைத் தடவிக்கொண்டே, "பலே, கறாரான சட்டம்" என்று சொல்லிவிட்டார். உடனே ஒவ்வோர் ஊர் வைத்தியசாலைக்கும் ஒரு தேர்வுச் சபை முளைத்தது. முடிதான் முளைக்கவில்லை! சபைகளில் யார் யார்? அகோரமூர்த்தியின் மைத்துனன் ஓர் ஊரில், சித்தப்பா மகன் ஓர் ஊரில், மைத்துனனின் சகலை ஓர் ஊரில். ஒருவருக்கும் வேப்பிலைக்கும் கறிவேப்பிலைக்கும் வித்தியாசம் தெரியாது. வைத்தியர்களோ வேறு ஊருக்குப் போகவே பயந்தார்கள். போனால் மறுபடியும் மாணவனைப் போல உட்கார்ந்து முதல் பாடத்திலிருந்து ஒப்பிக்க வேண்டுமே! தலைநகரில் வைத்தியர்கள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். வெளியூர் வைத்தியசாலைகளில் பூட்டுத் தொங்கியது.

அந்த அரண்மனையில் விகடன் ஒருவன் இருந்தான். பூச்சியப்பன் என்று பேர். குச்சி உடம்பு, பெரிய காது, வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார். ராஜா சிரித்தால் அகோரமூர்த்திக்கு அடிவயிற்றில் எரியும். நாம் முத்திரை குத்திக் குத்திச் சம்பாதித்த மரியாதையை இவன் ஒரு வார்த்தையில் தட்டிக்கொண்டு போகிறானே என்ற பொறாமை. பூச்சியப்பனை எப்போது வெளியே தள்ளலாம் என்று காத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, பூச்சியப்பன் வீட்டுக்கு அவன் தங்கை புருஷன் செல்லாண்டி வந்தான். மூன்று ஆறு தாண்டிப் போக வேண்டிய மணற்குறிச்சியில் தோணி ஓட்டுகிறவன். வந்தவன் முகம் பேயறைந்தாற்போல இருந்தது.

"என்ன மாப்ளே, தங்கச்சி நல்லா இருக்காளா?" என்றான் பூச்சியப்பன்.

"எங்க மச்சான் நல்லா இருக்கா? செவ்வந்திக்கு மாசம் நெருங்கிட்டுது. ஊரு மருத்துவச்சி வயித்தத் தொட்டுப் பாத்துட்டு, புள்ள குறுக்க கெடக்குது, என் கைக்கு இது அடங்காதுன்னு சொல்லிட்டா. வைத்தியசாலைதான் பூட்டிக் கெடக்கே!"

பூச்சியப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காரணம் இருக்கிறது. செவ்வந்தியின் முதல் பிரசவத்தில், வைத்தியம் பார்க்கத் தலைநகருக்குத் தோணியில் கூட்டிவந்தார்கள். குழந்தை வழியிலேயே இறந்துபோனது. தாய் பிழைத்ததே பெரிய காரியம். இனி ஒரு தடவை அவளைத் தோணியில் ஏற்றக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். யாராவது அங்கே போக வேண்டும். வேறு வழி இல்லை.

இருவரும் வைத்தியச்சி வடிவு அம்மாளிடம் ஓடினார்கள். தலைநகர வைத்தியசாலையில் பெரிய வைத்தியச்சி அவர். இளவரசர் பிறந்தது அவர் கையில். மந்திரிமார் வீட்டுப் பிள்ளைகள் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்தான். ராஜா முன்னிலையில் பரீட்சையில் தேறியவர். குறுக்கே கிடக்கும் குழந்தையைத் தடவித் தடவியே திருப்பிவிடுவார் என்று ஊரே சொல்லும்.

வடிவு அம்மாள் பெருமூச்சு விட்டார். "தம்பி, நான் போகமாட்டேன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். போன மாசமே அந்த வைத்தியசாலைக்குப் போய் நின்னேன். அங்க இருக்கிற சபைக்காரரு, உன் குருவைக் கூட்டிக்கிட்டு வாங்கறாரு. குரு செத்துப்போயி காலமாச்சுய்யான்னேன். அப்ப செத்தவரு வந்து சாட்சி சொன்னாத்தான் உள்ள விடுவேன்னுட்டாரு. மீறிப் போனா விலங்கு மாட்டுவாங்க. விலங்கு மாட்டின கையால நான் எப்படிப் பிரசவம் பாக்குறது?"

பூச்சியப்பன் அங்கிருந்து நேராக ராஜசபைக்குப் போனான். அன்றைக்கு அவன் முகத்தில் குறும்பு இல்லை. ராஜாவின் காலில் விழுந்து விஷயத்தைச் சொன்னான். ராஜாவுக்கும் மனம் இளகியது. ஆனால் அகோரமூர்த்தி விடுவாரா? இந்தச் சந்தர்ப்பத்துக்குத்தானே காத்திருந்தார்!

"மகாராஜா, இன்று விகடனின் தங்கைக்காகச் சட்டத்தை வளைத்தால், நாளை தைலக்காரனின் தம்பிக்காக வளைக்கச் சொல்வார்கள். தங்கள் திருமுடியின் நிறத்தைத் தாங்கள் மறக்கலாமா?" என்றார்.

ராஜாவின் கை தானாகக் கிரீடத்துக்குப் போனது. முகம் மாறியது. அகோரமூர்த்தி விடாமல் தொடர்ந்தார். "பூச்சியப்பர் பெரிய புத்திசாலி என்பது உலகறிந்தது. சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறாமல், சட்டத்தை மாற்றும்படித் தங்களைக் கேட்காமல், அந்த வைத்தியச்சியை மணற்குறிச்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். முடியாவிட்டால் இனி அவர் சபையில் வாய் திறக்க வேண்டாம். நாட்டைவிட்டே போய்விடட்டும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராஜாவுக்கும் பந்தயம் என்றால் கொள்ளை ஆசை. "பூச்சியப்பா, சம்மதமா?" என்று கேட்டுவிட்டார்.

பூச்சியப்பன் சொன்னான்: "சம்மதம் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். இவ்வளவு அருமையான சட்டத்தை வெளியூரில் மட்டும் கறாராகப் பார்க்கிறார்கள். அரண்மனையில் பார்க்க ஆள் இல்லை. இங்கே எல்லோரும் அதன்படி நடக்கிறார்களா என்று கவனிக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள்."

"அவ்வளவுதானே? கொடுத்தேன்!" என்றார் ராஜா. அகோரமூர்த்தி வாய்க்குள் சிரித்துக்கொண்டார். எலி தானே பொறிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும், நமக்கென்ன.

இப்போது அந்த ராஜ வம்சத்து வழக்கம் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். கனகவர்மரின் பாட்டனாருக்குப் பகைவர் பயம் அதிகம். சவரம் செய்யும்போது ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தால் எவனாவது வந்து குத்திவிடுவான் என்று, வலது கன்னத்தை எண்ணெய் மண்டபத்திலும், இடது கன்னத்தைக் கண்ணாடி மண்டபத்திலும்தான் வழிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவைத்தார். பாட்டன் போய்விட்டார், பகைவனும் போய்விட்டான், வழக்கம் மட்டும் போகவில்லை. நம் ஊரில் எது போனது!

மறுநாள் காலை நாவிதர் சன்னாசி வழக்கம்போல வந்தார். எண்ணெய் மண்டப வாசலிலேயே பூச்சியப்பன் அவரைப் பார்த்துவிட்டு, "உள்ள போலாம். இங்க நீங்க ராஜா முடிசூடின காலத்துலயே குருவோட வந்து எல்லாத்தையும் நிரூபிச்சவரு" என்று வழிவிட்டான். சன்னாசியும் வலது கன்னத்தை வழவழவென்று வழித்தார். ராஜா எழுந்து, இடது கன்னத்தில் நுரையோடு, கண்ணாடி மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தார். சன்னாசி கத்தியோடு பின்னால் வந்தார். வாசலில் குறுக்கே ஒரு முக்காலி. முக்காலியில் பூச்சியப்பன்.

"நில்லுங்க. யாரு நீங்க?"

சன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. "என்னண்ணே காலங்காத்தால! தெனமும் பாக்குற மூஞ்சிதானே?"

"மனுஷ உடம்புல கத்தி வைக்கிறவரு நீங்க. இது புது வாசல். உங்க குரு யாரு?"

"எங்கப்பன்தான்."

"வரச் சொல்லுங்க."

"அவரு போய்ச் சேந்து எத்தனையோ காலமாச்சுண்ணே!"

"அப்ப உள்ள விட முடியாது."

உள்ளேயிருந்து ராஜா சத்தம் போட்டார். "பூச்சியப்பா! என்ன விளையாட்டு இது? இப்போதுதானே அவர் என் வலது கன்னத்தை வழித்தார்? நானே சாட்சி!"

பூச்சியப்பன் எழுந்து கைகட்டி நின்றான். "மகாராஜா, எண்ணெய் மண்டபத்தில் வழித்ததற்குத் தாங்கள் சாட்சி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி மண்டபத்துக்கு இவர் இன்னும் புதியவர். வலது கன்னத்தில் நிரூபித்தது இடது கன்னத்தில் செல்லாது. அடியேன் சொல்லவில்லை, தங்கள் சட்டம் சொல்கிறது."

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்தார். மீதியை எண்ணெய் மண்டபத்திலேயே வழித்துக்கொள்ளலாமா என்று பார்த்தால் பாட்டன் வழக்கம் தடுக்கிறது. சன்னாசியும், "அய்யோ, எங்கப்பன் கனவுல வந்து ஒதைப்பான் மகாராஜா" என்று காதைப் பொத்திக்கொண்டார். பூச்சியப்பனைத் துரத்திவிடலாமா என்றால் தானே கொடுத்த வேலை. சட்டத்தை விலக்கினால் பந்தயத்தில் பூச்சியப்பன் ஜெயித்துவிடுவான். "நானா தோற்பேன்? பார்த்துவிடுகிறேன்" என்று ராஜா நுரையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் முள்ளுமுள்ளாகவும் சபைக்கு வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

கஷாயம் பட்ட பாடும் கொஞ்சமில்லை. ராஜாவுக்கு ஜலதோஷம். சுக்கும் மிளகும் போட்ட கஷாயம் சமையலறையிலிருந்து வர வேண்டும். அதுவும் மருந்துதானே? கொண்டுவந்த அம்மாளை ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, சுக்கு எது, மிளகு எது, கோயிலில் சத்தியம் செய் என்றால் எப்படி இருக்கும்? காலைக் கஷாயம் மதியச் சாப்பாட்டோடு வந்தது, பனங்கிழங்கு கழுவின தண்ணீர் போல ஆறிப்போய். ராஜா தும்மிக்கொண்டே குடித்தார்.

அடுத்த நாள்தான் பெரிய கூத்து. சபைக்குள் நுழைந்த மந்திரி, சேனாதிபதி, பண்டிதர் எல்லோரும் ஒரு கன்னத்தை மட்டும் வழித்துக்கொண்டு வந்து நின்றார்கள்! ராஜா ஒரு பக்கத் தாடி வைத்தால் அதுதான் ராஜமரியாதை என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். சேனாதிபதி அவசரத்தில் தப்பான பக்கத்தை வழித்துவிட்டு, தலையைச் சாய்த்து மறைத்துக்கொண்டு நின்றார். அகோரமூர்த்தியும் ஒரு கன்னம் பளபளக்க வந்திருந்தார். பூச்சியப்பன் ஒருத்தன்தான் முகம் முழுக்க வழித்திருந்தான். மற்ற நாளாக இருந்தால் இதைப் பார்த்து உருண்டு புரண்டு சிரித்திருப்பான். அன்று சிரிக்கவில்லை. அவன் மனம் முழுக்க மணற்குறிச்சியில் இருந்தது. செல்லாண்டி அரண்மனைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, யார் போனாலும் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அகோரமூர்த்தி மட்டும் உட்காராமல் நின்றார். ராஜா கவனித்துவிட்டு, "முத்திரை நாயகமே, உட்காருங்கள்" என்றார்.

"மகாராஜாவின் முன்னால் உட்காருவதா? நிற்பதுதான் அடியேனுக்கு அழகு."

"என்றும் உட்காருகிறவர்தானே? உட்காருங்கள்."

"பரவாயில்லை மகாராஜா…"

"உட்காரும் என்கிறேன்!"

ராஜாவுக்கு ஏற்கெனவே ஜலதோஷக் கடுப்பு. அகோரமூர்த்தி வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் போட்ட கத்தலில் மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. விஷயம் இதுதான். மனிதருக்கு உட்காரும் இடத்தில் பழுத்த கட்டி ஒன்று. இரண்டு நாளாக வெளியே சொல்ல வெட்கப்பட்டு, வடிவு அம்மாளை வீட்டுக்கு வரவழைத்து ரகசியமாகப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாள், "இன்னைக்கு எங்கயும் உக்காராம நில்லுங்க, சாயங்காலம் வந்து கீறி விடுறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது பலகையில் நச்சென்று உட்கார்ந்ததில் உயிரே போய்விட்டது. அப்படியே கீழே குப்புறப் படுத்துக்கொண்டு, "வடிவு அம்மாளைக் கூப்பிடுங்க! ஓடுங்க!" என்று அலறினார்.

ஆட்கள் ஓடினார்கள். வடிவு அம்மாள் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். சபை மண்டபத்து வாசலில் முக்காலி. முக்காலியில் பூச்சியப்பன்.

"நில்லுங்கக்கா. யாரு நீங்க?"

வடிவு அம்மாளுக்கு மூச்சிரைத்தது. "தம்பி, வலியில கத்துறாரு. வழிய விடு."

"உங்க குரு எங்கே?"

"இப்பவா வெளாடுற? வலியோட வெளாடாத தம்பி. எதிரியா இருந்தாலும் நோவு நோவுதான்."

அந்த வார்த்தை பூச்சியப்பனுக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "அக்கா, எனக்கும் நெஞ்சு அடிச்சுக்குது. ஆனா நான் எந்திரிச்சா என் தங்கச்சி செத்துருவா" என்று தணிந்த குரலில் சொன்னான். வடிவு அம்மாள் மருந்துப் பையைக் கீழே வைத்தார்.

உள்ளேயிருந்து அகோரமூர்த்தி தலையைத் தூக்கிக் கத்தினார். "அடே பூச்சியப்பா! அந்த அம்மாளை உள்ளே விடுடா!"

"விடுகிறேன் ஐயா. இவருடைய குருவை வரச் சொல்லுங்கள்."

"குரு செத்து எத்தனையோ வருஷமாச்சுடா! ஊருக்கே தெரியும்!"

"மணற்குறிச்சியில் தங்கள் ஆளுக்குத் தெரியவில்லையே ஐயா. செத்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றாராம். அதே நியாயம்தானே இங்கேயும்?"

"ஐயோ, ஐயோ! இந்த அம்மாள் ராஜா முன்னாலேயே பரீட்சையில் தேறினவர்! என் மூணு பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்தவர்! நேத்து என் வீட்டிலே வந்து எனக்கே மருந்து போட்டவர்! ஒரு தடவை நிரூபிச்சது போதாதா? வாசலுக்கு வாசல் மறுபடியும் மறுபடியும் அதையே கேட்பியா? மனுஷன் உயிரு போகுதுடா!"



பூச்சியப்பன் முக்காலியிலிருந்து எழுந்தான். ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினான். "மகாராஜா, சட்டத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. சட்டத்தை எழுதியவர் கேட்கிறார்."

ராஜாவின் கை தானாக இடது கன்னத்துக்குப் போய் முள்ளுத் தாடியைச் சொறிந்தது. சுற்றி நிற்கும் ஒரு பக்கத் தாடிகளை எல்லாம் பார்த்தார். குப்புறக் கிடக்கும் முத்திரை நாயகத்தைப் பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. பச்சைத் தலை வெளியே தெரிந்தது. அதையும் பொருட்படுத்தாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பச்சைத் தலையைப் பார்த்துச் சபையும் சிரித்தது, முதல் தடவையாகப் பயமில்லாமல்.

"அம்மாளை உள்ளே விடு பூச்சியப்பா! இந்த நொடியோடு அந்தச் சட்டம் ஒழிந்தது!"

திரையைப் போட்டு மறைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் வடிவு அம்மாள் கத்தியைச் சுடவைத்தார். இந்தப் பக்கம் ராஜா, "நீயே சொல். போலிகளைத் தடுக்கவும் வேண்டும், நல்லவர்களைத் தடுக்கவும் கூடாது. எப்படி?" என்றார்.

"மகாராஜா, சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தைலக்காரனைப் போல ஆட்கள் இருக்கும்வரை சோதனை கட்டாயம் வேண்டும். அரிசியை ஒரு தடவை நன்றாகக் களைந்தால் போதும். வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் களைந்துகொண்டிருந்தால் சோறு எப்போது வேகும்? நாட்டுக்கு ஒரே சபை. அதில் வைத்தியம் தெரிந்தவர்கள் மட்டும்."

"ஆ!" என்றது திரை.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ராஜா. "மேலே சொல்."

"அங்கே கடுமையாகச் சோதித்து ஒரு முத்திரை கொடுக்க வேண்டும். அந்த முத்திரை எல்லா ஊரிலும், எல்லா வாசலிலும் செல்ல வேண்டும்."

"ஐயோ!" என்றது திரை.

"முத்திரை நாயகமும் ஆமோதிக்கிறார். அப்புறம்?"

"முத்திரை வாங்கியவர் எங்காவது தப்புச் செய்தால், அந்தச் செய்தி அன்றே எல்லா ஊருக்கும் போக வேண்டும். ஓரிடத்தில் கெட்டபேர் வாங்கியவர் இன்னோரிடத்தில் போய் நல்லவராக நடிக்கக் கூடாது. சபையும் விண்ணப்பத்தை அடியில் போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய "அப்பாடா!" கேட்டது. கட்டி உடைந்துவிட்டது. வடிவு அம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "இனி உக்காரலாம், மெத்தையில மட்டும்" என்றார். அகோரமூர்த்தி எழுந்துவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, புதுச் சட்டத்தின் கீழேயும், ராஜா முன்னிலையில் ஏற்கெனவே தேறிய வடிவு அம்மாளுக்கான ஓலையிலும் முத்திரையைக் குத்தினார். அவர் வாழ்நாளில் யாரையும் அலைய விடாமல் குத்திய முதல் முத்திரைகள் அவைதான். அம்மாளைப் பார்த்து மட்டும், "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்று முணுமுணுத்தார். வலி போனால் மனிதன் கொஞ்சம் நல்லவனாகத்தான் ஆகிறான்.

ராஜாவின் சொந்தக் குதிரைவண்டி வாசலுக்கு வந்தது. வடிவு அம்மாளும் செல்லாண்டியும் ஏறினார்கள். ஒவ்வோர் ஆற்றிலும் அரசாங்கத் தோணி தயாராக நின்றது. பூச்சியப்பனும் ஏறப்போனான். வடிவு அம்மாள், "நீ வந்தா வழியெல்லாம் அழுவ. இங்கயே இரு" என்று இறக்கிவிட்டார். வண்டி போன பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றவனைக் கூட்டிப்போகவே ராஜா ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் பூச்சியப்பன் வாயிலிருந்து ஒரு விகடம் வரவில்லை. ராஜாவின் இடது கன்னமும் கண்ணாடி மண்டபத்தில் வழித்தாயிற்று, கஷாயமும் சூடாக வந்தது. ஆனால் ராஜாவுக்கு எதுவும் ருசிக்கவில்லை. "செய்தி வந்ததா, செய்தி வந்ததா" என்று அவரே வாசலுக்கு வந்து வந்து போனார்.

ஒருநாள் மத்தியானம், சபை நடுவில், செல்லாண்டி புழுதியும் வியர்வையுமாக ஓடிவந்தான். ராஜா இருக்கிறார், கும்பிட வேண்டும் என்ற நினைப்பே இல்லை. நேராகப் பூச்சியப்பன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மச்சான்! பொண்ணு! பொம்பளப் புள்ள! தாயும் புள்ளையும் சொகம்!"

"நெசமா?"

"நெசமா மச்சான்! அந்தச் சபைக்காரன் வாசல்ல கைய நீட்டி யாருன்னான். அக்கா முத்திரையக் காட்டுச்சு. உள்ள செவ்வந்தி கத்துற சத்தம் கேட்டுச்சு. அந்தாளு மறுபேச்சு பேசாம கதவத் தொறந்துவிட்டு, தானே வெந்நி வைக்க ஓடுனான்! அக்கா ரொம்ப நேரம் வயித்தத் தடவித் தடவிப் புள்ளையத் திருப்புச்சு. பொறந்தவுடனே என்னமா கத்துது தெரியுமா? உங்க காது மச்சான் அதுக்கு! அப்படியே உங்க காது!"

நாடே சிரிக்கும்படிப் பேசும் பூச்சியப்பனுக்கு அன்று பேச்சு வரவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்து, தன் முத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். நாட்டின் எல்லா வைத்தியசாலைகளையும் கவனிக்கும் பொறுப்பையும் அவனுக்கே கொடுத்தார். "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

பூச்சியப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான். "தங்கச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு வர உத்தரவு வேண்டும் மகாராஜா."

"தாராளமாகப் போய் வா. ஆனால் ஒன்று. திரும்பி வரும்போது அரண்மனை வாசலில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். நீதான் பூச்சியப்பன் என்று முதலிலிருந்து நிரூபித்தால்தான் உள்ளே விடுவேன்."

"குருவைக் கூட்டிவர வேண்டுமா மகாராஜா?"

"வேண்டாமப்பா" என்றார் ராஜா. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "உன் மருமகளைத் தூக்கிக்கொண்டு வா. அந்தக் காதைப் பார்த்தே விட்டுவிடுகிறேன்!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார் கனகவர்மர். அழுதுகொண்டிருந்த பூச்சியப்பனும் சிரித்துவிட்டான்.